பாவை விளக்கின் வலது கால்

சமாதான காலம் என்று நாங்கள் சொன்ன அந்தச் சில வருஷங்களில், புதுக்குடியிருப்பில் செயற்கைக் கால் செய்யும் பட்டறை ஒன்றில் வேலை செய்தேன். கால் இழந்தவர்கள் வருவார்கள். மிச்சமிருக்கும் காலுக்கு வெள்ளைச் சுண்ண மாவு பூசி அச்செடுப்போம், அச்சை வைத்துக் கால் செய்வோம், பூட்டி நடக்கவிட்டுப் பார்ப்போம், அனுப்புவோம். என்ன வேலை என்று கேட்பவர்களிடம் இதைச் சொன்னால் முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொள்வார்கள். எனக்கு அது பிடிப்பதில்லை. சட்டை தைப்பவளிடம் யாரும் முகத்தை அப்படி வைத்துக்கொள்வதில்லை. நானும் அளவெடுத்து, வெட்டி, போட்டுப் பார்த்து, இறுக்கம் என்றால் தளர்த்திக் கொடுப்பவள்தான்.

பட்டறைக்குப் பின்னால் ஓர் அறை இருந்தது. புதிய கால் எடுப்பவர் பழைய காலைத் தந்துவிட்டுப் போக வேண்டும் என்பது எங்கள் விதி. வார், கொளுக்கி, ஆணி எல்லாவற்றையும் கழற்றி மறுபடி பாவிக்கலாம். கழற்றிய பிறகு மிஞ்சுகிற காலை என்ன செய்வது என்று விதி எழுதியவர் எழுதவில்லை. காவலாளியிடம் எரிக்கச் சொன்னால், "நான் என்ன சுடலையிலயோ வேலை செய்யிறன்?" என்று கேட்டார். புதைக்கலாம் என்றால் எங்கள் ஊரில் மண்ணுக்குள் எதையாவது புதைப்பவரை எல்லோரும் சந்தேகமாகப் பார்ப்பார்கள். வவுனியாவிலிருந்து பழைய அலுமினியம் எடுக்க வருகிற மனிதர் ஒருவர் இருந்தார். ஒரு காலைத் தூக்கித் தராசுத் தட்டில் வைத்தார், கொஞ்ச நேரம் பார்த்தார், இறக்கி வைத்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு அவர் எங்கள் ஒழுங்கைப் பக்கமே வரவில்லை.

ஆகவே கால்கள் அந்த அறையில் சேர்ந்தன. தந்துவிட்டுப் போகிறவர்களும் சும்மா தந்துவிட்டுப் போவதில்லை. ஒரு அம்மா காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். இன்னொருவர், சுவரோடு நிறுத்தி வைக்காமல் படுக்க வைக்கும்படி கேட்டுக்கொண்டார். ஆறு வருஷம் நின்று அதுவும் களைத்திருக்குமாம். நான் படுக்க வைத்தேன். அவர் வாசல் வரை போய்த் திரும்பி வந்து, சரியாகப் படுத்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் போனார்.

ஒரு நாள் எங்கள் பொறுப்பாளர் அந்த அறையை ஒதுக்க வேண்டும், சாமான் வைக்க இடம் தேவை என்றார். நான் எடுத்துக்கொள்கிறேன் என்றேன். என்னத்துக்கு என்று கேட்டார். சிலை செய்ய என்றேன். அவர் என்னைப் பார்த்தார். வேலை நேரத்தில் செய்யக்கூடாது என்று மட்டும் சொன்னார்.

நான் பள்ளிக்கூடத்தில் சித்திரம் படித்தவள். யாழ்ப்பாணத்தில் நுண்கலை படிக்கப் போக இருந்தேன். போக வேண்டிய வருஷத்தில் நாங்கள் வேறு திசையில் போய்க்கொண்டிருந்தோம், தலையில் மூட்டையோடு. பிறகு பாதை திறந்தபோது எனக்கு முப்பது வயது தாண்டிவிட்டது. இதை யாரிடமும் குறையாகச் சொன்னதில்லை. ஆனால் சிலை என்று ஒன்று செய்தால் அதை நாலு பேர் பார்த்து, இவள் இதைப் படித்திருக்க வேண்டியவள் என்று சொல்ல வேண்டும் என்ற ஆசை எனக்குள் நன்றாகவே இருந்தது. இல்லையென்று சொன்னால் பொய்.

பாவை விளக்குச் செய்வது என்று முடிவெடுத்தேன். நாங்கள் முல்லைத்தீவுக் கரையோரத்துக் கத்தோலிக்கர். எங்கள் வீட்டில் மாதாவும் அந்தோனியாரும்தான். பாவை விளக்கை முதலில் பார்த்தது, கூடப் படித்த பிள்ளையின் வீட்டுச் சாமி அறையில். கையில் அகலை ஏந்திக்கொண்டு ஒரு பித்தளைப் பெண் நின்றாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள், கால் வலிக்காதா என்று கேட்டு அந்தப் பிள்ளையின் தாயிடம் பேச்சு வாங்கினேன். பெரியவளான பிறகும் எனக்கு அந்தக் கேள்வி தீரவில்லை. எங்கள் பெண்களும் நின்றார்கள்: தண்ணீருக்கு, நிவாரணத்துக்கு, பயணப் பாஸுக்கு, ஆஸ்பத்திரியில் நம்பர் துண்டுக்கு. கையில் விளக்குத்தான் இல்லை.

உடம்புக்குப் பதினொரு கால்கள் எடுத்தேன். அலுமினியத் தகட்டில் அடித்த பழைய கால்கள். கெண்டைச் சதையின் வளைவு இடுப்புக்குச் சரியாக வரும், தொடைப் பகுதியைக் கவிழ்த்தால் தோள் வரும். பின்னலுக்குச் சைக்கிள் ரியூப். தோட்டுக்குச் சைக்கிளின் பின்சில்லுப் பற்சக்கரம், காதுக்கு ஒன்று. சேலைக்கு, எங்கள் மாமா கரைவலையில் பழுதென்று கழித்த நைலோன் வலை. கொய்யக மடிப்பை வயரால் கட்டினேன். கையில் அகல் இல்லை, ஜாம் போத்தல் விளக்கு. பொருளாதாரத் தடைக் காலத்தில் நாங்கள் எல்லோரும் படித்தது அந்த வெளிச்சத்தில்தான். முகத்துக்குச் சட்டி மூடி. முகம் எனக்குச் சரியாக வரவில்லை. மூக்கு மட்டும் வந்தது, நல்ல மூக்கு.

நிற்க வைப்பதுதான் பாடாக இருந்தது. பாவை விளக்குப் பெண் நேராக நிற்பதில்லை. இடது காலைக் கொஞ்சம் தளர்த்தி, பாரத்தை வலது காலில் போட்டு நிற்பாள். அந்தச் சாய்வு இல்லாவிட்டால் அவள் பெண் இல்லை, தந்திக் கம்பம். அறையில் இருந்த வலது கால்களில் இவ்வளவு பாரத்தைத் தாங்கக்கூடியது ஒன்றும் இல்லை. ஒன்று கணுக்காலில் மடங்கியது. இன்னொன்று கீறல் விட்டுப் பிளந்தது. இரண்டு கிழமை அவளைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டு வைத்திருந்தேன். தோல் வேலை செய்கிற அக்கா அதைப் பார்த்து, "முதல்ல இறக்கு அவளை. பாக்கிற சனம் பயப்பிடுது" என்றா. அந்த அக்காவுக்கு இடது கால் எங்கள் பட்டறையில் செய்தது. அவாவின் வாய் ஒருவரும் செய்து கொடுத்தது இல்லை.

அந்த நேரத்தில்தான் நானா வந்தார். முல்லைத்தீவுப் பக்கத்து முஸ்லிம் மனிதர்; அவர்களில் மூத்தவரை நானா என்றுதான் கூப்பிடுவோம். ஐம்பது வயதைத் தாண்டியிருந்தார். தொண்ணூறில் வடக்கு முஸ்லிம்கள் எல்லோரையும் ஊரைவிட்டுப் போகச் சொன்னார்கள், போனார்கள். யார் சொன்னது, ஏன் சொன்னது என்று எங்கள் பட்டறையில் யாரும் கதைப்பதில்லை. நானும் கதைக்கவில்லை, அதில் எனக்குப் பெருமை ஒன்றும் இல்லை. பதின்மூன்று வருஷம் புத்தளத்தில் இருந்துவிட்டு ஐந்து குடும்பமாகத் திரும்பி வந்திருந்தார்கள். கால் போனது புத்தளத்தில், உப்பு ஏற்றிய லொறி ஒன்றில். காத்திருக்கிற வாங்கில் இருந்த மற்றவர்கள் எல்லோரும் மிதிவெடி, ஷெல் என்று சொல்லிக்கொண்டு வர, இவர் லொறி என்றார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். "மன்னிக்கவேணும்" என்றார் அவர். எல்லோரும் சிரித்தார்கள்.

அவருடைய கால் வலது கால். கழற்றி மேசையில் வைத்தார். கொழும்பிலோ எங்கோ கை தேர்ந்த யாரோ ஒருவர் அடித்த கால். தகடு தடிப்பு, ஆனால் கெண்டையின் வளைவு பனங்கிழங்கின் நுனி மாதிரி ஒரே ஓட்டமாகக் கணுக்கால் வரை இறங்கியது. சுத்தியல் தழும்பு ஒன்றுகூடத் தெரியவில்லை. பின்பக்க விளிம்பில் மட்டும் வேறு கை பட்டிருந்தது. முழங்காலுக்குப் பின்னால் வருகிற இடத்தைக் கீழ்நோக்கி, கரடுமுரடாகத் தட்டி இறக்கியிருந்தார்கள். யாரோ பழுதாக்கிவிட்டார்கள் என்று நினைத்தேன். ஏன் இப்படி இருக்கிறது என்று கேட்பதுதான் என் தொழில். நான் கேட்கவில்லை. என் கண் கெண்டையில் இருந்தது.

"வார் அறுந்து போச்சு தங்கச்சி. பாதமும் தேஞ்சிட்டுது. ரெண்டையும் மாத்தித் தந்தாச் சரி. மற்றபடி நல்ல கால்" என்றார்.

"இது பழைய முறை நானா. பாரம். இப்ப பிளாஸ்ரிக் வந்திருக்கு, பாதி நிறைதான். புதுசா ஒண்டு செய்வம்."

"இது எனக்குப் பழகிப்போச்சு."

"புதுசும் பழகும்."

அவர் என்னை நம்பினார். வெள்ளை மேலங்கி போட்டிருந்தேன், அதுவும் ஒரு காரணம். நான் சொன்னதில் ஒரு சொல்லும் பிழையில்லை: பிளாஸ்ரிக் பாரம் குறைவுதான், புதிய முறைதான். ஆனால் அவருடைய காலுக்காக நான் அதைச் சொல்லவில்லை. என் சிலைக்காகச் சொன்னேன். பத்து நாளில் புதிய காலைப் பூட்டிக்கொண்டு நடந்து காட்டினார், நன்றி சொன்னார், பழையதைத் தந்தார். அன்று பின்னேரமே அதில் இரண்டு துளை போட்டு ஆணி முடுக்கினேன். அவள் நின்றாள். பாரம் முழுவதும் அந்த ஒற்றைக் காலில் இறங்கி, இடுப்பு ஒரு பக்கம் ஒதுங்கி, ஒருவரும் பிடிக்காமல் நின்றாள். எனக்கு அழுகை வந்தது. வாழ்க்கையில் நான் செய்த எதுவும் அதுவரை தானாக நின்றதில்லை.

கணுக்காலுக்குக் கீழே செம்பஞ்சுக் குழம்பு பூசியது போல இருக்க, இரும்புக்கு அடிக்கிற சிவப்புப் பெயின்ற் அடித்தேன். மேலே வலைச் சேலை. செய்தவர் காலின் உள்ளே வெட்டியிருந்த இலக்கம் வெளியில் தெரியாது.

அவளைப் பட்டறையின் முன் விறாந்தையில் வைத்தோம். அடுத்த நாளே கரைச்சல் தொடங்கியது. காத்திருக்கிற சனம், "ஆர் இந்த அம்மன்?" என்று கேட்டது. அம்மன் இல்லை என்றேன். "அப்ப மாதாவோ?" மாதாவும் இல்லை. சிற்பம், நவீன சிற்பம் என்று விளக்கினேன். கவனமாகக் கேட்டார்கள். மத்தியானம் பார்த்தால் காலடியில் இரண்டு செவ்வரத்தம் பூ. அடுத்த நாள் யாரோ ஜாம் போத்தலில் எண்ணெய் விட்டுக் கொளுத்தியிருந்தார்கள். என் அம்மா ஒரு தேவைக்கு வந்தவா, பூவையும் விளக்கையும் பார்த்துவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டா. நான் பூக்களை அள்ளி வெளியில் போட்டேன். "இதுக்கு நேர்த்தி வைக்காதேங்கோ, இது காலாலதான் செய்தது" என்று சத்தம் போட்டேன். அதனால்தான் வைக்கிறோம் என்றார் ஒரு அம்மா, அவரும் கால் எடுக்க வந்தவர்.

இதற்குள் பொறுப்பாளருக்கு ஒரு கடிதம் வந்தது. கொழும்பில் வடக்கிலும் தெற்கிலும் உள்ளவர்களின் வேலைகளைச் சேர்த்துக் கண்காட்சி வைக்கப்போகிறார்களாம். ஆட்கள் வந்து பார்த்து, பிடித்ததைக் கொண்டுபோவார்கள். எங்கள் விறாந்தைச் சிலையைப் பற்றி யாரோ சொல்லியிருக்கிறார்கள். நாளும் குறித்திருந்தார்கள். பொறுப்பாளர் கடிதத்தை என்னிடம் தந்துவிட்டு, "வேலை நேரத்திலயும் செய்யலாம்" என்றார்.

நானா திரும்பி வந்தது அதற்கு அடுத்த கிழமை. கையில் ஊன்றுகோல். கதிரையில் இருந்து, தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்தார்.

"கால் நல்லம் தங்கச்சி. நடக்க நல்லம். பஸ்ஸில ஏற நல்லம். தொழத்தான் ஏலாமக் கிடக்கு."

பூட்டிய காலை மடக்கிக் காட்டினார். பாதி மடங்கியது. பிறகு பிளாஸ்ரிக்கின் பின்விளிம்பு தொடையில் முட்டி நின்றது. நடக்கிறவருக்கு அந்த விளிம்பு உயரமாக இருக்க வேண்டும், அப்போதுதான் பிடிப்பு. நாங்கள் நடக்கத்தான் கால் செய்கிறோம். ஒரு மனிதர் ஒரு நாளைக்கு ஐந்து தரம் நிலத்துக்குப் போய் எழும்ப வேண்டும் என்பது எங்கள் அளவுத் தாளில் இல்லை.

"இதைப் பூட்டினா நிக்கலாம், நெத்தி வைக்கேலாது. கழட்டினா நெத்தி வைக்கலாம், எழும்பி நிக்கேலாது. கழட்டிப் பூட்டி, கழட்டிப் பூட்டித் தொழுவிச்சா பின்னுக்கு நிக்கிற ஆக்கள் பின்னேரம் அசருக்கு வந்து பொழுதுபட மஃரிபுக்குத்தான் வீட்ட போவினம்."

அவர்களுக்கு இன்னும் மௌலவி வரவில்லை. ஐந்து குடும்பத்துக்கும் முன்னின்று தொழுவிப்பது இவர்தான். நோன்பு தொடங்க மூன்று கிழமை இருந்தது.

"கதிரையில இருந்து தொழலாமெண்டு சொல்லுவினமே நானா?"

"ஓம், அனுமதி இருக்கு. கால் போன புதுசில அப்பிடித்தான் தொழுதனான்" என்றார். தொப்பியை ஒரு சுற்றுச் சுற்றினார். "ஆனா பதின்மூண்டு வருசத்துக்குப் பிறகு வந்திருக்கிறன் தங்கச்சி. பள்ளிவாசலுக்குக் கூரையில்லை, கதவில்லை. நிலம் மட்டும்தான் இருக்கு. அந்த நிலத்தில நெத்தி வைக்காட்டி நான் எதுக்கு வந்தனான்?"

நான் அளவுத் தாளைப் புரட்டினேன்.

"அந்தப் பழைய கால் கிடந்தாத் தாங்கோ. பின்விளிம்பை நானே தட்டி இறக்கினனான். கொஞ்சங் கொஞ்சமாத் தட்டி, தொழுது பாத்து, திருப்பித் தட்டி. ஒரு வருசம் எடுத்தது. நீங்க கேக்கேல்லை, நானும் சொல்லேல்லை."

அவருக்குப் பின்னால் எட்டடி தள்ளி விறாந்தையில் அவள் அந்தக் காலில் நின்றுகொண்டிருந்தாள்.

"அதை உருக்கக் குடுத்திட்டம் நானா" என்றேன்.

யோசிக்கவே இல்லை. இவ்வளவு சுத்தமாக ஒரு பொய் என் வாயிலிருந்து வரும் என்று எனக்குத் தெரியாது. அவர் தலையை ஆட்டினார்.

"அப்ப இப்ப ஆரோ அதில சோறாக்குவினம். நல்லதுதான்" என்றார்.

புதிய காலைத் திருத்தித் தருகிறேன் என்று சொன்னேன். திருத்தவும் செய்தேன், மனச்சாட்சி இல்லாதவள் இல்லை. பின்விளிம்பை முதலில் ஒரு விரல் அளவு வெட்டினேன். மடங்கியது, ஆனால் வெட்டு விளிம்பு தசையைக் கிழித்தது. இன்னும் வெட்டி உள்ளே தோல் வைத்தோம். பிடிப்புப் போய், பஸ் ஏறும்போது கால் கழன்று மிதிபலகையில் நின்றதாம், இவர் தெருவில் நின்றாராம். கண்டக்டர் காலை எடுத்துக் கொடுத்துவிட்டு, காலுக்கும் சேர்த்து ரிக்கற் எடுக்கச் சொல்லிப் பகிடி விட்டாராம். இதை அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். கழன்று விழாமலிருக்க வெட்டிய விளிம்பைத் தகடு வைத்துத் திரும்ப உயர்த்தினேன், கால் பழையபடி மடங்காமல் போனது. மறுபடி அச்செடுத்து முதலிலிருந்து செய்வது ஒன்றுதான் வழி. அச்செடுக்கும் மாவு முடிந்துவிட்டது. வருகிற மாவு ஓமந்தைச் சோதனைச் சாவடியில், வெள்ளைத் தூள் என்பதால் யாரோ சோதித்துக்கொண்டிருந்தார்கள்.

இப்படி நாலு தரம் வந்தார். வருகிற ஒவ்வொரு தரமும், காத்திருக்கும் நேரத்தில் விறாந்தைக்குப் போய்ச் சிலையைப் பார்த்தார். பூப் போடவில்லை, ஆர் என்று கேட்கவில்லை. ஊன்றுகோலில் சாய்ந்து, மேலிருந்து கீழாகப் பார்ப்பார். என் சிலையை இவ்வளவு நேரம் வேறு யாரும் பார்த்ததில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு அது சந்தோஷமாக இருந்தது. சிவப்புப் பெயின்ற்றும் வலையும் இருக்கும்போது அவருக்கு ஒன்றும் தெரியப்போவதில்லை என்று வைத்துக்கொண்டேன்.

"நாங்க உருவம் செய்யிறதில்லை" என்றார் ஒருமுறை. "ஆனா நல்லா நிக்கிறா. எப்பிடி விழாம நிக்கிறா?"

"பாரம் முழுக்க வலது காலில நானா. மற்றதெல்லாம் சும்மா."

"நல்ல காலோ?"

"நல்ல கால்."

"அப்ப சரி" என்று போய்க் கதிரையில் இருந்தார்.

கொழும்பு ஆட்கள் வருவதற்கு முதல் நாளும் அவர் வந்திருந்தார். மாவு வரவில்லை என்று சொன்னேன். பஸ் பின்னேரம்தான். மத்தியானம் நான் சோற்றுப் பாத்திரம் கழுவக் கிணற்றடிக்குப் போனபோது, அங்கே அவர் முகம் கை கழுவிக்கொண்டு நின்றார். என்னைக் காணவில்லை. வேப்ப மரத்தடியில் சாரத்துணி ஒன்றை விரித்து நின்று தொழத் தொடங்கினார். நான் போயிருக்க வேண்டும். வாளிக்குப் பின்னால் குந்திக்கொண்டு பார்த்தேன்.

நின்றார். குனிந்தார். பிறகு ஊன்றுகோலைப் பிடித்து மெல்ல இறங்கினார். நல்ல கால் மடங்கியது. என் கால், நான் செய்த கால், மடங்காமல் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு நின்றது. இரண்டு கையையும் நிலத்தில் ஊன்றி நெற்றியைக் கொண்டுபோனார். போகவில்லை. நெற்றிக்கும் துணிக்கும் இடையில் நாலு விரல் இருந்தது. ஒருமுறை தெண்டித்தார், உடம்பு ஒரு பக்கம் சரிந்தது, முழங்கையால் தாங்கினார். பிறகு தெண்டிக்கவில்லை. அந்த நாலு விரல் இடைவெளியோடு அப்படியே ஓத வேண்டியதை ஓதிவிட்டு எழும்பினார். எழும்ப நெடுநேரம் எடுத்தது. திரும்பவும் நின்று, திரும்பவும் இறங்கினார். ஒவ்வொரு தரமும் அதே நாலு விரல்.

எனக்கு என்னைப் பிடிக்காமல் போனது அங்கே. அதற்கு முன்னால் என்னைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம்தான்.

அவர் பஸ்ஸுக்குப் போனதும் ஆணி கழற்றுகிற சாவியை எடுத்துக்கொண்டு விறாந்தைக்குப் போனேன். போகும்போது அவரை வியாழக்கிழமை வரச் சொல்லியிருந்தேன். தோல் வேலை அக்கா வந்து பக்கத்தில் நின்றா.

"நாளைக்கு ஆக்கள் வருகினம்" என்றா.

"தெரியும்."

"வேற கால் வைச்சுப் பாப்பமோ?"

"வைச்சுப் பாத்தது உங்களுக்குத் தெரியும்தானே."

அவா இடுப்பைப் பிடித்துக்கொண்டா. நான் ஆணியைக் கழற்றினேன். கால் வெளியே வந்ததும் இரண்டு பேராலும் பாரத்தைத் தாங்க முடியவில்லை. அவள் எங்கள் கையைவிட்டு முன்பக்கமாகப் போய் விழுந்தாள். ஜாம் போத்தல் உடைந்தது. மூக்கு நசுங்கியது. அந்த நல்ல மூக்கு. சத்தத்துக்குப் பொறுப்பாளர் ஓடி வந்து, பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். கதவைக் கொஞ்சம் பலமாகச் சாத்தினார்.

அடுத்த நாள் காலை வான் வந்தது. நாலு பேர், நல்ல செருப்புகள், ஒருவர் மொழிபெயர்க்க. சிலை விழுந்த இடத்திலேயே கிடந்தது, தூக்கி நிமிர்த்த எனக்கு மனமில்லை. அவர்கள் குனிந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள். ஒரு பெண் படமெடுத்தார். விழுத்தி வைத்ததில் பெரிய அர்த்தம் இருக்கிறதாம், இதற்கு என்ன பெயர் என்று கேட்டார்கள். "விழுந்திட்டுது" என்றேன். மொழிபெயர்ப்பாளர் அதைப் பெயரென்று சொல்லிக் கொடுத்தார். எழுதிக்கொண்டார்கள். ஒரு கால் எங்கே என்று கேட்டார்கள். ஒருவருக்குத் தேவைப்பட்டது என்றேன். அதையும் எழுதிக்கொண்டார்கள். தேநீர் குடித்தார்கள், அறிவிப்போம் என்றார்கள். அறிவிப்பு வரவில்லை. எனக்குக் கவலையாக இருந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன். வான் ஒழுங்கை திரும்பும் வரை கேற்றில் நின்றேன்.

காலைத் திருத்த இரண்டு நாள் எடுத்தது. நான் போட்ட துளைகளை உள்ளிருந்து தகடு வைத்து அடைத்து, விளிம்பு தெரியாமல் அராவினேன். புதிய ரப்பர் பாதம் பூட்டினேன். அக்கா வார் தைத்தா, எந்த வேலைக்கும் இல்லாத கவனமாக. பின்விளிம்பில் நாங்கள் இருவரும் கை வைக்கவில்லை. சிவப்புப் பெயின்ற் கணுக்காலில் இருந்து முழுதாகப் போகவில்லை. மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தேன், கோடு கோடாக மிஞ்சியது.

"என்ன சொல்லிக் குடுக்கப்போறாய்?" என்று அக்கா கேட்டா. உருக்குகிறவர் திருப்பிக் கொண்டுவந்தார் என்று சொல்லலாம். வேறு ஒருவருடைய காலோடு மாறிவிட்டது என்று சொல்லலாம். சொல்லிப் பார்த்தேன். இரண்டும் நன்றாகத்தான் இருந்தன.

வியாழக்கிழமை நானா வந்தார். மேசையில் காலை வைத்தேன். சொல்ல வாயைத் திறந்தேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. காலைத் தூக்கி, திருப்பி, துளை இருந்த இடங்களைக் கட்டைவிரலால் தடவினார். சிவப்புக் கோடுகளைப் பார்த்தார். பிறகு புதியதைக் கழற்றிவிட்டு இதைப் பூட்டினார். வாரை இறுக்கினார். ஊன்றுகோலை மேசையில் சாத்தி வைத்துவிட்டுக் கிணற்றடிப் பக்கம் நடந்தார்.

இந்த முறை நான் ஒளியவில்லை. வாசல்படியில் நின்றேன். வேப்ப மரத்தடியில் அவர் துணி விரிக்கவில்லை. நின்று, குனிந்து, இறங்கினார். முழங்கால்கள் இரண்டும் சேர்ந்து மடங்கின. நெற்றி மண்ணில் பட்டது. பட்டு அங்கேயே இருந்தது. எழும்பி வந்தபோது நெற்றியில் மணல் ஒட்டியிருந்தது.

"சரியா இருக்கோ நானா?"

"சரியா இருக்கு."

"உங்கட கால்தான் அது" என்றேன். ஒத்திகை பார்த்த இரண்டையும் விட்டுவிட்டு இதுதான் வந்தது.

"தெரியும் தங்கச்சி. கேக்க வந்த அண்டைக்கே, வாசலுக்கு வரேக்கயே கண்டிட்டன். என்ர காலை எனக்குத் தெரியாதோ?"

"அப்ப ஏன் பிறகு கேக்கேல்லை? நாலுதரம் வந்தனீங்க."

அவர் மேசையில் இருந்த ஊன்றுகோலை எடுத்தார்.

"ஒருக்காக் கேட்டனான். நீங்க இல்லையெண்டு சொல்லிட்டீங்க. திருப்பிக் கேட்டா, திருப்பியும் நீங்க பொய் சொல்ல வேண்டி வரும். என்னால உங்களுக்கு அது வரக்கூடாது."

பஸ்ஸுக்கு நேரமாகிறது என்றார். கேற் வரை கூடப் போனேன். ஊன்றுகோலைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு தெருவைக் கடந்து, பஸ் தரிப்பை நோக்கி நேராக நடந்தார். மன்னிச்சுக்கொள்ளுங்கோ நானா என்ற சொல் அதற்குப் பிறகுதான் என் வாய்க்கு வந்தது. அவர் பஸ்ஸில் ஏறிவிட்டிருந்தார்.